நாக்பூரிலிருந்து நாலு வார்த்தை

லட்சுமிபுரம், மதுரை
12-7-1981

அன்புள்ள ஸ்யாமளாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். குழாய்தான் சௌக்கியமாக இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் என்று சொல்லிவிட்டு, விடுகிற நாளிலும் காற்றைத்தான் விடுகிறார்கள். ஆடி பிறக்கும் முன்பே புழுதி ஆரம்பித்துவிட்டது. பெருக்கிப் பெருக்கி அம்மாவுக்கு இடுப்பு போயிற்று.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள் வெங்காயம், பூண்டு இல்லாமல் உனக்கென்று தனியாகப் பருப்பு வைத்துக் கொடுக்கிறாள் என்று படித்துக் காட்டியதும் அம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆபீசர் உத்தியோகம் வேண்டாம், பழையபடி கிளார்க்காகவே இருந்துகொள்கிறேன் என்று ஆகஸ்ட் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்தால் பாங்கில் உன்னை மதுரைக்கே திருப்பிவிடுவார்கள், இல்லையென்றால் இரண்டு வருஷம் நாக்பூர்தான் என்கிறாய். "அம்மா மனசு நோக நான் இங்கே இருக்க மாட்டேன். அவர்கள் வாயால் இரு என்றால் இருக்கிறேன், வா என்றால் வருகிறேன், கேட்டு எழுதுங்கள்" என்று முடித்திருக்கிறாய். நியாயமான பேச்சுத்தான். ஆனால் அவளிடம் போய்க் கேட்க வேண்டியவன் நானல்லவா?

கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "கல்யாணமாகி மூணு வருஷம் ஆறது. நீ இங்க, அவ அங்க. இந்த ஆத்துல ஒரு தொட்டில் கட்டிப் பார்த்துட்டுப் போகணும்னு நான் நினைச்சா தப்பாடா?" என்றாள். தப்பில்லை என்றேன். "அப்போ வரச் சொல்லி எழுதிப் போடு" என்றாள். நான் எழுதவில்லை என்று தெரிந்ததிலிருந்து பேச்சு நின்றுபோயிற்று. ரசத்தில் உப்பில்லை. அதுதான் இப்போதைக்கு எங்களுக்குள் பேச்சு.

என் அபிப்பிராயத்தையும் கேட்டிருக்கிறாய். நீ அந்தப் பரீட்சைக்குப் படித்த படிப்பை நான் பார்த்தவன். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாய், குழாயடி வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் படித்தாய். மதுரையிலிருந்து தேறிய பெண் நீ ஒருத்திதான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வா என்று நான் எந்தக் கையால் எழுதுவேன்? அம்மாவை மீறி இரு என்று எழுதவும் தைரியம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள். ஆகஸ்ட் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இனி என் சொந்தக் கஷ்டம். ஆபீசில் என் மானம் ஊசலாடுகிறது. இங்கிலீஷ் பேப்பரில் வரும் குறுக்கெழுத்துக்கு, காலையில் நீ டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டே சொல்லும் விடைகளை நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவேன். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி யோசிக்கிற மாதிரி யோசித்து, ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். நம் வீட்டுக்கு மொச்சைக்காய் கொண்டுவந்து கொடுப்பானே, திருவாதவூரிலிருந்து வந்து போகிற ஆண்டிச்சாமி, அவன் என் பக்கத்து மேஜைக்காரன் வேறு. "எங்கண்ணே தலைக்குள்ள டிக்‌ஷனரிய வச்சுத் தச்சுட்டாங்கய்யா" என்று மாடி செக்‌ஷன் வரை சொல்லி வைத்திருக்கிறான்.

நீ போன முதல் வாரம் மெட்ராஸ் ஐ என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து யாரும் கிட்டே வரவில்லை. அடுத்த வாரம், "இப்போதெல்லாம் புதிருக்குத் தரமே இல்லை, எனக்கு அதில் ருசி விட்டுப் போய்விட்டது" என்று அறிவித்தேன். எல்லோரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். உண்மை என்னவென்றால், தினமும் வீட்டில் தனியாகப் போட்டுப் பார்க்கிறேன். நாலெழுத்து வார்த்தைகள் வருகின்றன. ஐந்துக்கு மேல் போனால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

காலையில் வீட்டில் சத்தமே இல்லை. "காலங்கார்த்தால இங்கிலீஷ்ல என்னடி சண்டை ரெண்டு பேருக்கும்" என்று திட்டுவாளே அம்மா, அவளே நேற்று பேச்சில்லாத நேரத்திலும் வாய் திறந்து, "ஏண்டா, இன்னிக்குப் பேப்பர் வரலையா?" என்று கேட்டாள். வந்திருக்கிறது என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மோர் கிடைக்கிறதா என்று எழுது.

உன்
ராஜாராமன்


லட்சுமிபுரம், மதுரை
27-7-1981

அன்புள்ள ஸ்யாமளா,

சௌக்கியம் விசாரிக்கவெல்லாம் இன்லண்டு லெட்டரில் இடமில்லை. நான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸ்களுக்கெல்லாம் பொதுவாக ரிக்ரியேஷன் கிளப்பில் இங்கிலீஷ் வார்த்தைப் போட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய புதிர். ஒவ்வோர் ஊர் ஆபீசும் ஒரே ஒரு விடைத்தாள் அனுப்ப வேண்டும். மதுரைக்கு யார் என்று கேட்டதும் ஆண்டிச்சாமி எழுந்து நின்று, "அண்ணே ஒரு ஆளு போதும், திருச்சிக்காரன் கோயம்புத்தூர்க்காரன் அம்புட்டுப் பேரும் ஓடிருவான்" என்றான். சின்னப் புதிருக்குத் தரமில்லை என்று நான் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு, "இது தரமானதுண்ணே" என்று என் கையில் கொண்டுவந்து திணித்தான்.

ராத்திரி பகலாக உட்கார்ந்து மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டேன். பழைய டிக்‌ஷனரியில் அட்டை கழன்றுவிட்டது. நாலே நாலு இடம் பொக்கையாக நிற்கிறது. ஒன்று, ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி ரொட்டியில் தடவுகிற பண்டம், ஒன்பது எழுத்து. ஆரஞ்சு ஊரில் உட்கார்ந்திருப்பவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? இரண்டாவது, இரண்டு பெரிய நிலங்களைச் சேர்க்கிற ஒடுக்கமான நிலம், ஏழு எழுத்து. மூன்றாவது, மேஜைமேல் கிடத்தி மீட்டுகிற வாத்தியம், ஆறு எழுத்து. வீணை என்று போட்டுப் பார்த்தேன், ஒரு கட்டம் மிச்சம் நிற்கிறது. கடைசி, காலை வைத்தால் உள்ளே இழுக்கிற சேற்று நிலம், எட்டு எழுத்து.

எட்டாம் தேதி விடைத்தாளைத் தபாலில் சேர்க்க வேண்டும். அதற்குள் எப்படியாவது அனுப்பிவிடு. ஆபீஸ் விலாசத்துக்கு மட்டும் வேண்டாம், குட்டு உடைந்துவிடும். வீட்டுக்கே அனுப்பு.

அம்மா இப்போது பேசுகிறாள். நாக்பூர் என்ற பேச்சை மட்டும் எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை.

அவசரத்தில்,
ராஜாராமன்


லட்சுமிபுரம், மதுரை
9-8-1981

என் அன்புள்ள ஸ்யாமளாவுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய நாலு வார்த்தையும் சரி. நாலும் கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. இனி நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. சிரித்ததற்கு நான் ஏற்கனவே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

உன் தந்தி வியாழக்கிழமை காலை, நான் ஆபீசுக்குப் போன பிறகு வந்தது. தந்திக்காரர் முத்திருளன் நம் காம்பவுண்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "ராஜாராமன் வீடு எதுங்க? நாக்பூர்லருந்து தந்தி" என்றாராம். தந்தி என்ற சொல் போதாதா? குழாயடியில் நம் வீட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பாண்டியம்மாள் கையிலிருந்த தவலையைக் கீழே போட்டாள். அந்தச் சத்தத்துக்கு ஆறு குடித்தனமும் வெளியே வந்துவிட்டது. யாரோ உள்ளே போய் அம்மாவின் அடுப்பை அணைத்தார்கள். அம்மா முற்றத்து ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தந்தியை இன்னும் யாரும் பிரிக்கவே இல்லை, கவனி.

பிரித்துப் படிக்க அந்த நேரத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் எதிர்ப் போர்ஷன் சீதாராமன் மாமா ஒருவர்தான். கோவில் ஆபீசில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர். தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தந்தியில் நீ எழுதியிருந்தது இவ்வளவுதான்: மார்மலேட், இஸ்த்மஸ், ஸிதர், க்வாக்மயர், ஸ்யாமளா. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு நிதானமாக விளக்கினாராம். "மார்மலேட்ங்கறது ஆஸ்பத்திரி. வெள்ளைக்காரன் நாள்ல கட்டினதா இருக்கும். க்வாக்மயர்ங்கறவர் டாக்டர். இஸ்த்மஸ்ங்கறது வியாதி, மூச்சு சம்பந்தப்பட்டது." ஸிதர் என்றால் என்ன என்று மாடி மாமி கேட்டாளாம். "அது வார்டு" என்றாராம். ஸ்யாமளா என்பது யார் என்று மட்டும்தான் அவர் சரியாகச் சொன்னது.

அதற்குப் பிறகு அம்மாவை யாராலும் பிடிக்க முடியவில்லை. பாண்டியம்மாள்தான் பக்கத்தில் உட்கார்ந்து தாங்கிக்கொண்டாளாம். "அம்புட்டு நல்ல பிள்ளையாச்சே, எனக்குக் காப்பி வைக்காம ஒரு நா ஆபீஸ் போயிருக்குமா" என்று அவளும் அழுதிருக்கிறாள். அவள் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி அம்மா குடித்தாள். மடி, விழுப்பு என்று யார் தொட்டாலும் தீட்டுப் பார்த்து நம்மைப் படுத்துகிற அம்மா என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இதைப் படி.

மாமா தெருமுனை மருந்துக்கடையிலிருந்து ஆபீசுக்குப் போன் பண்ணினார். "ஸ்யாமளா நாக்பூர்ல ஆஸ்பத்திரியில இருக்கா, உடனே கிளம்பி வா" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. செருப்பை மேஜைக்கடியிலேயே விட்டுவிட்டேன். ஆண்டிச்சாமிதான் என்னைத் தன் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்தான். வழியெல்லாம், "ஒண்ணும் இருக்காதுண்ணே. இன்னைக்கே கெளம்புவோம். நானும் வாரேன், மெட்ராஸ் போயி அங்கிட்டு ரயிலப் பிடிப்போம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, அந்த இடத்தில் புதிரை எழுதி அனுப்பினேனே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று அந்த டவுன் ஹால் ரோட்டுக் கூட்டத்தில்தான் முதல் முதலாக யோசித்தேன். என்னால் யோசிக்க முடியவில்லை ஸ்யாமளா.

வீட்டுக்கு வந்து தந்தியைக் கையில் வாங்கினேன். மார்மலேட் என்று முதல் வார்த்தையைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் ஜலம் கொட்டுகிறது, நான் சிரிக்கிறேன். காம்பவுண்டே எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தது. சீதாராமன் மாமா, "அதிர்ச்சி. சில பேருக்கு இப்படித்தான் வரும்" என்று மற்றவர்களுக்கு விளக்கினார்.

பிறகு மூச்சு வாங்கி, இது ஆஸ்பத்திரியும் இல்லை டாக்டரும் இல்லை, ஆபீஸ் போட்டிக்கு நான் கேட்டிருந்த விடைகள் என்று சொன்னேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆண்டிச்சாமிதான் மெதுவாக, "அப்ப இம்புட்டு நாளும் எங்களுக்கு விடை சொன்னது நீங்க இல்லையாண்ணே? மதினியா?" என்றான். ஆமாம் என்றேன். "அதானே பார்த்தேன்" என்றான். என்னத்தைப் பார்த்தான் என்று நான் கேட்கவில்லை.

அம்மா எழுந்து வந்து, "அவளுக்கு ஒண்ணும் இல்லையே? நிஜமா ஒண்ணும் இல்லையே?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். மார்மலேட் என்றால் என்ன என்று கேட்டாள். ஆரஞ்சுத் தோலில் பண்ணுகிற ஒரு பண்டம் என்றேன். "அது நான் பண்ற பச்சடிடா. அதுக்கா தந்தி?" என்று சொல்லி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இதுதான் முதல் அடி. வாங்கிக்கொண்டேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. எப்படியாவது என்று நான் எழுதியிருந்தேன், நீ எப்படியாவது அனுப்பினாய்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, அம்மா தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஆடி முதல் வெள்ளிக்கிழமை மீனாட்சி சந்நிதியில் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறாள். எனக்கு இதெல்லாம் தெரியாது. "எப்படியாவது அவளை அந்த ஊர்லேர்ந்து கிளப்பிவிட்டுடு, உனக்குப் பட்டுப் புடவை சாத்தறேன்னு வேண்டிண்டேண்டா. எப்படியாவதுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். நல்லபடியான்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கலை. தந்தின்னு அவன் சொன்னதும் எனக்கு அதான் நெஞ்சை அடைச்சுது. நான் கேட்டதை அம்பாள் கொடுத்துட்டாள்னு நினைச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. அப்பா போனபோதுகூட நாலு பேர் முன்னால் அழாதவள்.

மறுநாள் ஆடி வெள்ளி. ஆபீசுக்கு லீவு போடு, என்னைக் கோவிலுக்கு அழைத்துப் போ என்றாள். கூட்டம் நெரிகிறது, அந்த நெரிசலில் பட்டரை நிறுத்தி, வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அவர் எத்தனையோ பேரைப் பார்த்தவர் போலிருக்கிறது, திகைக்கவே இல்லை. "சொன்னதைச் செலுத்திடுங்கோ மாமி. செலுத்திட்டு மாத்திக் கேளுங்கோ" என்றார். உடனே புது மண்டபத்துக்கு எதிரே இருக்கிற கடைக்குப் போய் அரக்குக் கரை வைத்த பச்சைப் பட்டு எடுத்து வந்து சாத்தினோம். கேட்டது நடக்கக் கூடாது என்பதற்காகக் காணிக்கை செலுத்தியவள் உலகத்திலேயே உன் மாமியார் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

திரும்பி வரும்போது, அம்மன் சந்நிதி வாசலில் பூ வாங்கிக்கொண்டே சொன்னாள். "அவளை அங்கேயே இருக்கச் சொல்லி எழுது. நன்னா இருந்தாப் போறும். ரெண்டு வருஷம்தானே, தொட்டில் எங்க ஓடிப் போறது?" என்றாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, தூண்டவும் இல்லை. அவர்கள் வாயால் வர வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய். வந்துவிட்டது. ஆகையால் அந்தக் காகிதத்தை பாங்கில் எழுதிக் கொடுத்துவிடாதே. ஏற்கனவே எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

ஆபீஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மானம் போனது போனதுதான். நான் லீவில் இருந்த ஒரே நாளில் ஆண்டிச்சாமி ஆபீஸ் பூராவும் சொல்லி முடித்திருக்கிறான். நேற்று விடைத்தாளை அனுப்பும்போது உன் பெயரைப் போட வேண்டும் என்று கிளப் செக்ரட்டரி நின்றார். ஊழியர்கள் பெயர்தான் போடலாமாம், அதனால் ஆபீஸ் பெயரில் போயிருக்கிறது. மத்தியானம் டிபன் வேளையில் பேப்பர் என் மேஜைக்கு வரவில்லை. இப்போது என்னிடம் யாரும் விடை கேட்பதில்லை, உன் விலாசத்தைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா என்று எழுது.

அம்மா உனக்குச் சொல்லச் சொன்னது ஒன்று இருக்கிறது. இனிமேல் நல்லதோ கெட்டதோ, பரிசு வந்தாலும் போனாலும், தந்தி மட்டும் கொடுக்காதே. "கார்டு போட்டாப் போறும், மெதுவா வரட்டும், நான் காத்துண்டிருப்பேன்" என்கிறாள். சீதாராமன் மாமாவும் உன் உடம்பை விசாரித்தார். வியாதி குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் ஒரு கௌரவம் வேண்டாமா?

இன்னும் ஒன்று. அன்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது பட்டர் என்னைப் பார்த்து, "உங்களுக்கும் ஏதாவது மாத்திக் கேக்கணுமா?" என்றார். எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. நீ ரயிலேறிய அன்றைக்கே வைத்தது. அம்மா கேட்டதையேதான் நானும் கேட்டிருந்தேன், நல்லபடியாக என்ற வார்த்தையை மட்டும் சேர்த்து. ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும். நீ இரண்டு வருஷத்தையும் நல்லபடியாக முடித்துக்கொண்டு வா.

அம்பாள் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன்
ராஜாராமன்